சூளை ஆறட்டும்

சென்ற மாதம், ஐம்பதைத் தாண்டிய வயதில், பல்கலைக்கழகப் பட்டமும் மூக்கில் வாசிப்புக் கண்ணாடியும் இருக்க, எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒரு பச்சைமண் கிண்ணத்தை வைத்து வெடிக்கப் பண்ணினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. கிண்ணம் நான் செய்தது. அடுப்பு, மகள் கனடாவிலிருந்து வந்தபோது வாங்கித் தந்தது. இரண்டும் இப்போது இல்லை.

மண் பிசைந்தால் மனம் அமைதியாகும் என்று யாரோ கைபேசியில் காணொளி அனுப்பியிருந்தார்கள். நம்முடைய வயதுக்கு இப்படியான காணொளிகள் தாமாகவே தேடி வருகின்றன. முதலில் முழங்காலுக்கு, பிறகு மனத்துக்கு. கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் மட்பாண்ட வகுப்பு ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என் மகளைவிட இளமையான ஆசிரியை, "அன்ரி, கிண்ணத்தை இஞ்சையே விட்டிட்டுப் போங்கோ. நல்லாக் காஞ்சாப் பிறகு எல்லாற்றையும் சேர்த்துச் சூளையிலை வைப்பம்" என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் ஒரு சூடான பெட்டி சும்மாதானே இருக்கிறது என்ற யோசனை.

சத்தம் பெரிதாகத்தான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எல்லாரும் இருக்கிறியளோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் வருகிற கேள்வி அதுதான். என் கணவர் குசினி வாசலில் நின்று புகை அடங்கும்வரை பார்த்துவிட்டு, "உமக்கு அமைதி வந்ததோ தெரியாது. அடுப்புக்கு வந்திட்டுது" என்றார்.

வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விடயமில்லை. பச்சைமண்ணோடு அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை அரைப்பாவாடை கட்டிய வயதிலேயே கண்ணால் பார்த்தவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். மூட்டுவலித் தைலத்தையும் மூக்குக் கண்ணாடியையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு, கல் அடுக்கிச் சூளை கட்டிய காலத்தை விளங்கப்படுத்த வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் எங்கள் பெற்றோர், வடக்கே குடாநாட்டிலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் கதை. சிறுபோக நெல் வெட்டி முடிந்து, வறண்ட சோளகக் காற்று வேலியோலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு காலத்தில், அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, ஒரு றங்குப்பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்கினார். தெற்கே அரசாங்கப் பயிற்சி நிலையமொன்றில் மட்பாண்டம் படித்து முடித்திருந்தார். பெட்டிக்குள் சேலைகள் இருக்கும் என்று நானும் அம்மாவும் ஆவலோடு திறந்தோம். கம்பி, பஞ்சு, வழுவழுப்பான ஒரு கூழாங்கல், விதவிதமான மரக்கரண்டிகள், அடியில் இரண்டே இரண்டு சேலைகள்.

எங்கள் ஊரில் பரீட்சார்த்தமாக ஒரு மட்பாண்ட நிலையம் தொடங்க அரசாங்கத் திணைக்களம் ஒத்துக்கொண்டிருந்தது. முதலாவது சூளையைத் திணைக்களப் பணிப்பாளர் நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் நிலையம் நிலைக்கும். சின்னம்மா அதன் போதனாசிரியை. பிடிக்காவிட்டால் அவர் குடாநாட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவருடைய தமையனார் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கடையும் ஒரு வழுக்கையும் ஒரு தாயும் இருந்தன.

"அந்தாளிலை எனக்கு ஒரு குறையுமில்லை அக்கா" என்று சின்னம்மா அம்மாவிடம் சொன்னதை நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஆனால் கலியாணத்துக்குப் பிறகு மண்ணிலை கை வைக்கப்பிடாதெண்டு இப்பவே சொல்லிப்போட்டினம். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்கோ?"

"கறி வைக்கத் தெரியாதெண்டும் சேர்த்துச் சொல்லு" என்றார் அம்மா.

அடுத்த வளவில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் தமக்கை, வேறு பக்கத்தால் வந்தார். "படிச்ச பிள்ளை. சட்டி பானை செய்யிறதுக்கோ உன்னைப் படிப்பிச்சவை?" அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் எங்கள் எல்லாருக்கும் அது கேட்கும். சின்னம்மா, "ஓம் மச்சாள், நாலு வருசம் படிப்பிச்சவை" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டுறவுச் சங்கக் கடையின் பழைய களஞ்சியம் அவருக்குக் கிடைத்தது. வாய்க்கால் கரையில், கூரையில் பாதி உள்ள கட்டடம். குளத்தடியிலிருந்து சாம்பல் நிறக் களிமண்ணை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, கல்லும் வேரும் போக அரித்து, மிதித்துப் பதப்படுத்தினார்கள். ஊர்ப் பெண்கள் சிலர் பழக வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் மண் பிசையவும் மீதிப்பேர் வீட்டிலிருந்து தப்பவும் வந்தவர்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அந்தக் களஞ்சியத்தின் மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது: ஈரக் களி, பழைய உரச் சாக்கு, வௌவால் எச்சம், இவற்றுக்கு மேலால் சின்னம்மா பூசுகிற சந்தனப் பவுடர். மண் வனைகிற சில்லைக் காலால் உதைத்துவிட்டு அவர் இரண்டு கைகளையும் மண்ணின் மேல் வைத்தால், மண் எழும்பி நின்று யோசிக்கும், பிறகு குடமாகும்.

நான் ஒரு எருமை செய்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல நாய் என்றார்கள். கொம்பைக் காட்டி விளக்கியபோது, காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று ஆறுதல் சொன்னார்கள். சின்னம்மா மட்டும் அது எருமை என்று ஒத்துக்கொண்டு, உடனேயே கத்தியால் அதன் வயிற்றைக் கீறி உள்ளிருந்த மண்ணையெல்லாம் கிண்டி எடுத்துவிட்டார். நான் அழுதேன். தடித்த மண்ணுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும், சூளையில் அது ஆவியாகி வெடித்தால் பக்கத்தில் இருக்கிற பானைகளையும் கொண்டுபோய்விடும் என்றார். வயிறு காலியாக இருப்பதே நல்லது என்ற தத்துவத்தை அதற்குப் பிறகு வைத்தியர்களிடம்தான் கேட்டிருக்கிறேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர். ஊரில் ஒரு மதகு கட்டினாலும் அவர்தான் தேங்காய் உடைப்பார். நெல்லில் அவருக்குத் தெரியாதது இல்லை. உலகத்தில் நெல்லைத் தவிர வேறு பொருள்களும் உண்டு என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். வனைந்த பானைகளைச் சின்னம்மா ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்திருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"மச்சாள், ஏன் உதுகளை மூடிப் புழுங்க வைக்கிறீர்? எறிச்ச வெயில் கிடக்கு. நெல்லுக் காயிற வெயிலிலை சட்டி காயாதோ?"

"காயும் அத்தான். ஆனால் மெல்லமாக் காயவேணும்."

"மெல்லமாக் காயிறதுக்கு இதென்ன அரசாங்க அலுவலோ?"

சின்னம்மா கிளிநொச்சிக்குப் போயிருந்த ஒரு நாள், அப்பா உதவி செய்யும் நோக்கத்தோடு ஒரு வரிசைப் பானைகளைத் தூக்கி வந்து, நெல் காயப்போடுகிற களத்தில் படங்கு விரித்துப் பரப்பினார். கோழி வராமல் பார்க்கும்படி எனக்கு உத்தரவு. கோழி பானையைத் தின்னாது என்று அந்த வயதிலும் எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் தடியோடு காவல் இருந்தேன். மத்தியானம் ஆனபோது மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது, யாரோ பல்லுக்குள் கச்சான் கடலை கடிப்பது போல. பார்த்தால் விளிம்பிலிருந்து வயிறுவரை ஒரு கீறல். பிறகு அடுத்ததில். வெயிலும் காற்றுமாக வாயை முந்திக் காயவைக்க, வயிறு பிந்தி நின்றதன் வினை.

சின்னம்மா திரும்பி வந்து தூக்கிப் பார்த்தபோது, கீறியவை கையோடு உடைந்து வந்தன. அப்பா, "மண் சரியில்லைப் போலை" என்றார். உடைந்த துண்டுகளைச் சின்னம்மா ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிறு குமிழிகள் நூல்நூலாக மேலே வந்தன. ஓரங்கள் உதிர்ந்தன. கல்லுப்போல இருந்த துண்டு என் கண் முன்னாலேயே கஞ்சியாகிவிட்டது.

"சுடுற வரைக்கும் இது பாத்திரமில்லை பிள்ளை" என்றார் என்னிடம். "பாத்திரம் மாதிரி நிக்கிற மண். தண்ணியைக் கண்டால் பழைய குணம் வந்திடும்."

அப்பா இதைக் கேட்காதது போல மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பணிப்பாளர் வருகிற நாளை ஐயரும் அப்பாவுமாகக் குறித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னமே சூளையைச் சுட்டு ஆறவைப்பதாகத் திட்டம். ஆனால் சோளகக் காலத்தில் வராத மழை ஒன்று வந்து விறகை நனைத்துவிட்டது. சூளை பற்றவைத்தபோது விழாவுக்கு முதல்நாள் ஆகிவிட்டது.

கல்லடுக்கிக் களி பூசிய அந்தச் சூளை எங்கள் வைக்கோல் போரைவிடக் கொஞ்சம் சிறியது. முதற் சுடலுக்கு, உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிற மினுக்கப் பூச்சு எதுவும் பூசுவதில்லை என்பதால் பானைக்குள் சட்டி, சட்டிக்குள் கோப்பை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். என் எருமை ஒரு மூடியின் கீழ் படுத்துக்கொண்டது. வாசலைக் கல்லால் அடைத்தபோது ஒரே ஒரு குடம் மட்டும் இடமில்லாமல் வெளியே நின்றது. நீளக் கழுத்தும், செம்மண் கரைத்துப் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்த மினுமினுப்புமாக, எல்லாவற்றிலும் அழகான குடம். அது அடுத்த சூளைக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள்.

பெரிய நெருப்புப் பார்க்கலாம் என்று விடியவே கூடிய ஊர்ச் சனம் ஏமாந்துபோனது. அரைநாளாகச் சின்னம்மா வைத்திருந்தது ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கப் போதுமான நெருப்பு. "உதிலை ஒரு மரவள்ளிக் கிழங்கும் அவியாது" என்று மாமி சொன்னார். சின்னம்மா இடைக்கிடை ஏணியில் ஏறி, தன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் புகை வருகிற வாயில் பிடித்துப் பார்ப்பார். கண்ணாடியில் பனி படர்ந்தால் பானைகளில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். "சூளைக்குப் பொட்டு வைக்கப்போறாவோ?" என்று வேலிப்பக்கம் ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சின்னம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தானும் சிரித்தார். கண்ணாடி பளிச்சென்று வந்த பிறகுதான் பாலைமர விறகை உள்ளே தள்ளினார். பின்னேரம் பார்வைத் துளையால் என்னைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே பானைகள் நெருப்பில் நிற்கவில்லை. பானைகளே நெருப்பாக, பழுத்த பனம்பழத்தின் நிறத்தில், கரையே இல்லாமல் நின்றன. பொழுதுபடும் நேரம் வாய்களையெல்லாம் களியால் அடைத்துவிட்டு, "இனி ஆறட்டும்" என்றார்.

மறுநாள் விழா. தோரணம், வாழை, வெள்ளைத் துணி விரித்த மேசை, குத்துவிளக்கு, நிறைகுடம். நிறைகுடத்துக்குப் பொறுப்பு மாமி. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தை அம்மா புளி போட்டு மினுக்கிக் கொண்டுவந்தபோது மாமி தடுத்தார்.

"மட்பாண்ட விழாவுக்குப் பித்தளைக் குடமோ? வாற மனிசன் என்ன நினைப்பார்? உங்கட குடத்திலை ஒண்டைத் தா பிள்ளை."

சின்னம்மா அப்போது சூளையின் பக்கத்தில், அதன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. "எல்லாம் உள்ளுக்கை மச்சாள். உந்த ஒண்டுதான் வெளியிலை கிடக்கு."

"இது போதும். வடிவாத்தான் கிடக்கு."

"உங்கட விருப்பம்."

மாமி குடத்துக்கு நூல் சுற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். வாழையிலையில் நெல் பரப்பி அதன்மேல் இருத்தினார். தண்ணீர் புதிதாக இருக்கவேண்டும் என்று, பணிப்பாளரின் கார் வாய்க்கால் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்ட பிறகே கிணற்று வாளியைச் சரித்து நிறைத்தார். மாவிலை வைத்து, முடித்தேங்காயை மேலே இருத்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியில் கரைந்த துண்டுகள் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நிறைகுடம் என்று பெயர் வைத்த பிறகு அது மண்ணாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பணிப்பாளர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய, கனத்த, மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் யோசித்துவிட்டுப் போட்டபடி வந்தார். மாலை போட்டார்கள். அப்பா பேசினார். அப்பா பேசத் தொடங்கினால் விதைப்பில் தொடங்கி அறுவடையில்தான் நிற்பார்; அன்று இடையில் இரண்டு தரம் உரமும் போட்டார். கடைசியாக எல்லாரும் சூளைக்கு முன்னால் போனோம். வாசலில் ஒரு கல்லை மட்டும் சிவப்பு நாடா கட்டித் தனியாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். பணிப்பாளர் நாடாவைப் பிடித்து அந்தக் கல்லை இழுக்கவேண்டும். அதுதான் திறப்பு.

"சேர், மன்னிக்கவேணும்" என்றார் சின்னம்மா. "இண்டைக்குத் திறக்கேலாது. உள்ளுக்கை இன்னும் சூடு கிடக்கு."

அப்பாவுக்கு முகம் கறுத்தது. சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "என்ன மச்சாள் கதைக்கிறீர்? ஆறித்தானே கிடக்கு. அங்கை பாரும், மேலை பூனை படுத்திருக்கு."

உண்மைதான். சங்கக் கடைப் பூனை சூளையின் தலையில் சுருண்டு கிடந்தது.

"வெளிச்சுவர் ஆறினால் உள்ளுக்கு ஆறினதெண்டில்லை அத்தான். குளிர்காத்துப் பட்டால் எல்லாம் கீறிப்போம்."

பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளை, நான் வவுனியாவிலையிருந்து வாறன். ஐயர் குறிச்ச நேரம் முடியப்போகுது. ஒரு கல்லுத்தானே? எடுத்திட்டுத் திரும்ப வையுங்கோவன்."

"எல்லாம் கீறுறதுக்கு ஒரு கல்லே காணும் சேர்."

அப்பா சின்னம்மாவின் காதோடு பேசினார். அப்பாவின் காதோடு பேசுகிற குரல் அடுத்த வாய்க்கால்வரை கேட்கும். "உம்மட வேலையே இந்த மனிசன்ரை கையிலை கிடக்கு."

"தெரியும் அத்தான்" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா போய் அந்தச் சிவப்பு நாடாவுக்கு முன்னால் நின்றுகொண்டார். வீட்டில் இரண்டாந்தரம் சோறு கேட்கவே கூச்சப்படுகிறவர். நான் அவருக்குப் பின்னால் நின்றபடியால், முதுகுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். அம்மா சனத்துக்குள் நின்று கண்ணால் "விலத்து, விலத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பணிப்பாளர் குரலை உயர்த்தவில்லை. "சரி. நான் எழுதவேண்டியதை எழுதுறன். இப்ப கொஞ்சம் விலத்துங்கோ" என்று கையை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் பின்னால் "தொப்" என்று கேட்டது.

எல்லாரும் திரும்பினோம். மேசையில் வெள்ளைத் துணி முழுக்கச் சேறு. குடம் விழவில்லை, உடையவில்லை. களைத்த மனிதர் கதிரையில் குந்துவது போல அப்படியே குந்திவிட்டது. கழுத்து தோளுக்குள் போயிருந்தது. மாவிலைகள் கலைந்து கிடந்தன. தேங்காய் மேசையிலிருந்து குதித்து, சரிவில் உருண்டு, விலகி வழிவிட்ட கால்களுக்கிடையால் வந்து, பணிப்பாளரின் செருப்பில் முட்டி, நெல்லு ஒட்டிய முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தது.

"ஐயோ, பிள்ளையாரப்பா!" என்றார் மாமி.

நீட்டிய கையைப் பணிப்பாளர் நெருப்புப் பட்டது போல இழுத்துக்கொண்டார். அப்பா, "அது... காத்துக்கு" என்று தொடங்கினார். அன்று ஒரு இலையும் அசையவில்லை. சத்தத்தில் விழித்த பூனை சூளையிலிருந்து குதித்து, எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, பணிப்பாளருக்குக் குறுக்கால் நடந்து போனது. அவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"இண்டைக்கு வேண்டாம்" என்றார். "வேற நல்ல நாள் பாருங்கோ. நான் வாறன்."

வடையையும் பொங்கலையும் மட்டும் சகுனம் தொடவில்லை. பணிப்பாளர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஊர் அன்று பின்னேரமே காரணங்களைக் கண்டுபிடித்துவிட்டது. வாய்க்கால் கரையில் சூளை கட்டியது பிழை என்றார்கள் சிலர். ஒரு குமர்ப்பிள்ளை நெருப்பு மூட்டியது பிழை என்றார்கள் வேறு சிலர். அப்பா ஐயரின் பஞ்சாங்கத்தைக் குறை சொன்னார். மாமி யாரையும் குறை சொல்லவில்லை, அது அவருக்கு வழக்கமில்லாத காரியம். சுடாத குடத்துக்குள் தண்ணீர் விட்டால் கரையும் என்ற காரணத்தை ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அது மிகவும் சாதாரணமாக இருந்தது போலும்.

அடுத்த நாள் விடிய, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனார். சின்னம்மா எங்களுக்கு முன்னமே வந்து, நாடாவை அவிழ்த்து வைத்துவிட்டு, கல்லில் கை வைத்தபடி நின்றார். எங்களைக் கண்டதும் கல்லை இழுத்தார். ரோச் லைற் அடித்து உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"என்னடி?" என்றார் அம்மா.

"கிடக்கு அக்கா."

"என்ன கிடக்கு?"

"எல்லாம் கிடக்கு."

சாம்பல் நிறமாகப் போனவை எல்லாம் இளஞ்சிவப்பாக, நாவற்பழம் தின்ற நாக்கு மெல்லத் தெளிகிற நிறத்தில் இருந்தன. சின்னம்மா ஒரு சட்டியை எடுத்து விரல் நகத்தால் தட்டினார். பச்சையாக இருந்தபோது தட்டினால் மரப்பலகை போல "டொக்" என்று கேட்கும். இப்போது கோயில் மணியின் தங்கச்சி போல "கிண்" என்றது. அடுத்ததைத் தட்டினார். அதுவும் "கிண்." பிறகு நாங்கள் மூவரும் கை எட்டியதையெல்லாம் தட்டித் தட்டி, கல்யாண வீட்டுச் சின்னப்பிள்ளைகள் போல ஆகிவிட்டோம். சில கோப்பைகளில் கீறல். ஒரு பானைக்கு அடி போயிருந்தது. என் எருமைக்கு ஒரு கொம்பு முறிந்து, நாய் என்றவர்களின் கட்சி வலுப்பெற்றிருந்தது. மற்றபடி எல்லாம் இருந்தன. எடுத்தவற்றைத் திரும்ப அடுக்கி, வாசலை அடைத்து, நாடாவையும் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழஞ்சோறு சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான பழஞ்சோறு பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

பணிப்பாளர் வேறு நல்ல நாளில் வந்தார். பித்தளைக் குடம் வைத்தார்கள். அப்பா சுருக்கமாகப் பேசினார், அதாவது உரம் போடாமல். பணிப்பாளர் கல்லை இழுத்து, ஒரு சட்டியை வெளியே எடுத்து, உலகத்தில் அதை முதன்முதலாகப் பார்க்கிறவர் என்ற பெருமையோடு உயர்த்திக் காட்டினார். நாங்கள் மூவரும் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினோம்.

"மினுக்கம் இல்லையே?" என்று கேட்டார் அவர்.

"இது முதற்சூடு சேர். மினுக்கம் பூசி இரண்டாந்தரம் சுடவேணும். பூச்சு நீங்கள்தான் அனுப்பவேணும்."

"அனுப்புவம், அனுப்புவம்" என்றவர் அப்பாவின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களோ, நாள் பாத்துச் செய்தால் காரியம் சித்தி" என்றார். அப்பாவும் அது தன் யோசனை போலத் தலையாட்டினார். சின்னம்மாவின் நியமனம் அந்த மாதமே வந்தது. கடைக்கார மாப்பிள்ளை வேறொருத்தியைக் கட்டி நலமாக இருந்தார். சின்னம்மா பின்னர், சில்லுக்குப் பலகை அடிக்க வந்த தச்சரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டார்.

பூச்சு கடைசிவரை வரவில்லை. முதற் சுடலே எங்கள் ஊரில் முடிவான சுடலாயிற்று. மினுக்கமில்லாத கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தவர்களுக்குத் தெரியும்: முதல் மிடறைக் கோப்பை குடிக்கும், உதட்டில் மண் ஒட்டி இழுக்கும், மழை பெய்த முற்றம் போல ஒரு வாசம் வரும். தண்ணீர்க் குடங்கள் வியர்த்து வியர்த்து, வெயில் காலத்திலும் தண்ணீரைப் பல்லுக் கூசவைத்தன. மாமி வீட்டில் ஒன்றுக்கு மூன்று குடம். வருகிறவர்களிடம், "எங்கட பிள்ளை செய்தது" என்பார்.

பிறகு வந்த காலம் உங்களுக்கும் தெரியும். மண்குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் இடம்பெயர்வதில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது சூளை இருந்த இடத்தில் ஒரு பூவரசு நின்றது. நிலத்தைக் கொத்தினால் இன்றும் இளஞ்சிவப்பு ஓடுகள் வருகின்றன. என் எருமையை யாராவது தோண்டி எடுத்து நாய் என்று நினைத்தால் அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்தக் கதையை நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பொறுமைக்கு உதாரணமாக, மகளிர் தினக் கூட்டங்களில் துணிவுக்கு உதாரணமாக. வயது ஏற ஏற அதில் ஒரு நுட்பத்தையும் கண்டுபிடித்தேன். மண் தண்ணீரில் கரையும் என்று எனக்குக் காட்டியவரே சின்னம்மாதான். அப்படிப்பட்டவர் அந்தக் குடத்தை ஏன் கொடுத்தார்? "உங்கட விருப்பம்" என்று ஏன் சொன்னார்? அப்பாவின் பேச்சு எவ்வளவு நீளும், குடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணித்து, ஊரின் சகுன நம்பிக்கையாலேயே தன் சூளையைக் காப்பாற்றியிருக்கிறார்! இதைச் சொல்லும் இடத்தில் மண்டபம் கை தட்டும்.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்குச் சின்னம்மா வவுனியாவிலிருந்து வந்திருந்தார். குசினியில் இருவரும் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தபோது, என் கண்டுபிடிப்பை அவரிடமே சொல்லி, "எனக்கு எல்லாம் தெரியும் சின்னம்மா" என்று முடித்தேன்.

அவர் எண்ணெய்க்கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"விசரி. அண்டைக்கு என்ரை கண்ணிலை குடமும் தெரியேல்லை, மாமியும் தெரியேல்லை. சூளை காலமையே ஆறீட்டுது. ஈர விறகாலை சுட்டது, உள்ளுக்கை எல்லாம் வெடிச்சிருக்கும் எண்டு நினைச்சன். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை அதைப் பாக்கப் பயம். அதுதான் திறக்கவிடாமல் நிண்டனான்."

பிறகு யன்னலால், முற்றத்தில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆறீட்டுதெண்டு அத்தான் சொன்னதுதான் சரி. அவரிட்டைச் சொல்லிப்போடாதை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு தான் ஒருக்காச் சரியாச் சொன்னது தெரிஞ்சால், அந்த மனிசனை ஒருத்தராலையும் பிடிக்கேலாது."